வாயில் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள், பயப்பட வேண்டுமா?

நாக்கின் இடது ஓரத்தில் ஆறு வாரமாக ஒரு வெள்ளைத் திட்டு, அதன் நடுவே கொஞ்சம் சிவப்பு, வலி கிடையாது, பல் டாக்டர் பயாப்ஸி எடுக்கச் சொல்கிறார், வீட்டில் ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்கிறார்கள், வெட்டாமல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கும் டெஸ்ட் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாக எழுதியிருந்தாலும் உள்ளே அரிப்பது ஒன்றுதான் என்று படுகிறது: பயாப்ஸி என்று சொன்னதாலேயே டாக்டர் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டாரா? அப்படி இல்லை. வாயிலிருந்து எடுத்து அனுப்பும் சதைத்துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் பல வருடங்களாக என் வேலை. என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி புற்றுநோய் இல்லை. திரும்பத் திரும்பக் கடிபட்டுத் தடித்த சதை, உமிழ்நீர் தேங்கி வந்த கொப்புளம், பூஞ்சைத் தொற்று, லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி, இப்படித்தான் போகும். அதே சமயம், உங்கள் வாயை நான் பார்க்கவில்லை. உங்களுக்கு இருப்பது இன்னது என்றோ, ஒன்றுமில்லை என்றோ இங்கிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

டாக்டர் ஏன் கேட்டார் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிகிறது. வாயின் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் வாய்ப்புண் சீக்கிரம் ஆறுகிறது. உரசுகிற பல்லின் கூர்முனையைத் தேய்த்துவிட்டு, குத்துகிற பல்செட்டைச் சரிசெய்துவிட்டு, பூஞ்சை என்று சந்தேகம் இருந்தால் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அதற்கு மேலும் போகாத புண்ணோ திட்டோ இருந்தால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. இடமோ நாக்கின் ஓரம். வாய்ப் புற்றுநோய் அதிகம் வருகிற இடங்களில் நாக்கின் பக்கவாட்டு ஓரமும் நாக்குக்கு அடியில் உள்ள தரையும் முன்வரிசையில் நிற்பவை. வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. சாதாரண வாய்ப்புண்தான் ஊரைக் கூட்டும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘கொஞ்சம் சிவப்பு’ என்பதில்தான் என் கண் நின்றது. வாயில் சுரண்டினால் வராத, வேறு காரணமும் சொல்ல முடியாத வெள்ளைத் திட்டை லூக்கோபிளாக்கியா என்போம். அது நோயின் பெயரே இல்லை. ‘வெள்ளையாக இருக்கிறது, ஏனென்று இன்னும் தெரியவில்லை’ என்பதை மருத்துவ மொழியில் சொல்வது, அவ்வளவுதான். வழவழப்பாக, ஒரே சீராக வெள்ளையாக இருப்பவற்றில் பெரும்பாலானவை ஆபத்தில்லாத தடிப்பு. வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தால், மேடுபள்ளமாக இருந்தால், அபாயம் கூடுகிறது. முழுக்கச் சிவப்பாக, வெல்வெட் மாதிரி இருக்கும் எரித்ரோபிளாக்கியா வேறு ரகம். 1975-இல் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட திட்டுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் எடுத்துப் பார்த்த அன்றே கடுமையான செல் மாற்றமாகவோ புற்றுநோயாகவோ இருந்தது. உங்களுக்கு இருப்பது அந்த முழுச் சிவப்பு வகை இல்லை என்பதால் அந்தக் கணக்கை எடுத்து உங்கள்மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். சிவப்பு கலந்தால் டாக்டர்கள் ஏன் காத்திருப்பதில்லை என்பதற்காகச் சொன்னேன். இன்னொன்று: புகைப்பதில்லை, புகையிலை, பாக்கு, மது எதுவும் கிடையாது என்றால் நிம்மதி என்று பலர் நினைக்கிறார்கள். எந்தக் காரணமும் இல்லாதவருக்கு வருகிற வெள்ளைத் திட்டை நாங்கள் இன்னும் கவனமாகத்தான் பார்ப்போம். புகைப்பவரின் திட்டு புகையை விட்டால் சுருங்குவதுண்டு. காரணமே இல்லாமல் வந்தது எதை விட்டால் போகும்?

எல்லாவற்றையும் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றும் அர்த்தமில்லை. நாக்கின் பின்பக்க ஓரத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பது இயற்கையான அமைப்பு. கண்ணாடியில் முதல்முறை பார்த்துவிட்டுப் பதறி ஓடி வருபவர்கள் உண்டு. கன்னத்தின் உட்புறம் பற்கள் சேரும் கோட்டில் ஓடும் வெள்ளை வரி, சிறு மஞ்சள் புள்ளிகள், கன்னத்தை இழுத்தால் மறைந்துவிடும் வெண்மை, இடம் மாறிக்கொண்டே இருக்கும் வரைபட நாக்கு, இவற்றுக்குச் சதை எடுக்கத் தேவையில்லை. நீலமாகவோ ஊதாவாகவோ இருந்து, கண்ணாடித் தகட்டால் அழுத்தும்போது வெளுத்துப்போகும் கட்டி ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். அங்கே சாதாரணக் கிளினிக் நாற்காலியில் கத்தி வைப்பதே தப்பு.

சரி, பிரஷ் டெஸ்ட். பிரஷ் எடுப்பது உதிரிச் செல்களை. செல்லின் உட்கரு பெரிதாகியிருக்கிறதா, வடிவம் கெட்டிருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். ஆனால் புற்றுநோயா இல்லையா என்ற கேள்விக்கு விடை செல்லின் முகத்தில் மட்டும் இல்லை. மேல்தோலுக்கும் அதற்கு அடியில் உள்ள திசுவுக்கும் நடுவே ஒரு மெல்லிய எல்லை உண்டு. கெட்ட செல்கள் அந்த எல்லைக்கு மேலேயே நிற்கின்றனவா, உடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டனவா என்பதுதான் தீர்ப்பு. எல்லை தெரிய வேண்டுமானால் மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாகச் சதை வேண்டும். நீலச் சாயம் பூசிப் பார்ப்பது, விசேஷ விளக்கு அடித்துப் பார்ப்பது, உமிழ்நீர் டெஸ்ட் எல்லாம் வந்திருக்கின்றன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, சந்தேகத்துக்குரிய திட்டு கண்ணுக்குத் தெரியும்போது விளக்கையும் உமிழ்நீர் டெஸ்ட்டையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பயாப்ஸிக்கு ஒருவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் பிரஷ் மாதிரிச் செல் பரிசோதனையைச் செய்யலாம் என்று ஒரு சின்ன வாசலை மட்டும் திறந்து வைத்தது. அதில் கோளாறு என்று வந்தாலும் அடுத்தது பயாப்ஸிதான். நீலச் சாயத்துக்கு என் கணக்கில் ஓர் உபயோகம் உண்டு: பெரிய திட்டில் எந்த இடத்திலிருந்து சதை எடுப்பது என்று தேர்வு செய்ய அது கை கொடுக்கும். சாதாரணப் புண்ணும் அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதற்கு மேல் அதை நம்ப மாட்டேன்.

‘கத்தி பட்டால் பரவும்’ என்ற பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கழுத்தில் நெறி கட்டிய பிறகு வருகிறார் ஒருவர். பயாப்ஸி எடுக்கிறார்கள், சில மாதங்களில் நிலைமை மோசமாகிறது. வீட்டார் நினைவில் ‘வெட்டிய நாள்’ மட்டும் தங்கிவிடுகிறது. வாயில் சதை எடுத்ததும் ரத்தத்தில் கட்டியின் செல்கள் சில தென்பட்டதாகச் சொன்ன ஆய்வுகள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயாப்ஸி எடுத்ததால் நோய் பரவி ஆயுள் குறைந்தது என்று நிரூபணமாகவில்லை. மறுபக்கத்தில், தாமதம் செய்யும் கேடு நிச்சயமானது. சதைப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாமல் பெரிய ஆபரேஷனோ கதிர்வீச்சோ ஆரம்பிக்கும் டாக்டரிடம் நீங்கள் போகவே கூடாது.

எடுக்கும் முறை இதுதான். திட்டு சின்னதாக, ஆபத்தில்லாதது போலத் தெரிந்தால் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். சந்தேகம் பலமாக இருந்தால் வேண்டுமென்றே ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். ‘எடுக்கிறதுதான் எடுக்கிறீர்கள், முழுசாக எடுத்துவிடக் கூடாதா’ என்று எல்லோரும் கேட்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து, ஆழமும் அளந்து எடுக்க வேண்டும். முன்னாலேயே அரைகுறையாக எடுத்துத் தைத்துவிட்டால், அடுத்து வரும் சர்ஜனுக்கு எல்லை எங்கே இருந்தது என்றே தெரியாது. மரத்துப்போகும் ஊசியைத் திட்டின் நடுவில் குத்த மாட்டார்கள், சற்றுத் தள்ளிப் போடுவார்கள். நடுவில் போட்டால் மருந்து திசுக்களுக்கு இடையே புகுந்து நீர்கோத்தது போல ஸ்லைடில் தெரியும், எனக்குக் குழப்பம். உதவியாளர் நாக்கின் நுனியைத் துணியால் பிடித்துக்கொள்வார். நாலைந்து மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, வட்டமான வாய்கொண்ட பஞ்ச் கருவியோ சாதாரணக் கத்தியோ போதும். புண்ணாகி அழுகிய நடுப்பகுதியில் எடுப்பதால் பலனில்லை, அங்கே செத்த செல்தான் கிடைக்கும். சிவந்த இடம், தடித்த விளிம்பு, அதை ஒட்டி ஒரு துளி நல்ல சதை, இவை கிடைத்தால் என் வேலை பாதி முடிந்தது. பெரிய திட்டு என்றால் இரண்டு மூன்று இடத்தில் எடுப்பதே நல்லது.

அகலத்தைவிட ஆழம் முக்கியம். நாக்கில் வருகிற ஒருவகைச் சாதுவான கட்டி இருக்கிறது, கிரானுலர் செல் கட்டி என்று பெயர். அதன்மேல் உள்ள தோல் கீழ்நோக்கி விரல்விரலாக வளர்ந்திருக்கும். மேலோட்டமாகச் சீவி அனுப்பினால் அது அப்படியே புற்றுநோய் வேடம் போடும். உண்மையான கட்டி அந்தத் துண்டுக்குக் கீழே வாயிலேயே இருந்துவிடும். இதற்கு நேர்மாறாக, காலிஃபிளவர் மாதிரி மேலே பூத்து வளரும் வெருக்கஸ் வகைப் புற்றுநோயை மேலோட்டமாக எடுத்தால் ‘தோல் தடிப்பு’ என்றுதான் எழுத வேண்டிவரும். இரண்டிலும் மைக்ராஸ்கோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

எடுத்த துண்டை, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் உடனே போட்டால் மெல்லிய வாய்ச்சதை சுருண்டுவிடும். தெரிந்தவர்கள் அதை ஒரு சின்னக் காகிதத்தில், வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஒரு நிமிடம் ஒட்டவிட்டு, காகிதத்தோடு மெதுவாக இறக்குவார்கள். சுருண்டு வந்ததை நெடுக்குவாட்டில் நறுக்குவதற்குள் லேபில் இருப்பவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஃபார்மலின் துண்டைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். கொப்புளம் கட்டி உரிகிற பெம்ஃபிகஸ் போன்ற நோய் என்று சந்தேகித்தால் மட்டும் கதை வேறு. புண்ணை ஒட்டியிருக்கும் நல்ல தோலிலிருந்து இன்னொரு துண்டு எடுத்து, ஃபார்மலின் இல்லாத தனித் திரவத்தில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஒளிரும் சாயப் பரிசோதனை கெட்டுப்போகும்.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. போனில் நல்ல வெளிச்சத்தில் திட்டைப் படம் எடுத்து டாக்டரிடம் கொடுங்கள், ரிப்போர்ட் எழுதுபவருக்கும் போய்ச் சேரட்டும். ‘வெள்ளைத் திட்டு, நாக்கு’ என்ற ஒற்றை வரியோடு வரும் துண்டைவிட, எத்தனை வாரம், எந்தப் பக்கம், என்ன பழக்கம், என்ன மருந்து என்று எழுதி வரும் துண்டுக்கு நான் உருப்படியான பதில் தர முடியும். இதற்கு முன் யாராவது ஸ்டீராய்டு களிம்பு கொடுத்துத் தடவியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அழற்சி அடங்கி ஸ்லைடு வேறு மாதிரி தெரியலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை எல்லாம் அவர்களே கேட்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தவே மாட்டார்கள். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவைப் பார்ப்பார்கள், 4-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே இதுபோன்ற சிறு வேலைகளைச் செய்யலாம் என்பது பல இடங்களில் ஏற்கப்பட்ட வரம்பு. புண்ணில் வழியும் ரத்தத்தைத் தையலும் அழுத்தமும் நிறுத்திவிடும். மாத்திரையை விட்டதால் மூளையில் அடைத்துக்கொண்டால் அதை நிறுத்த ஆளில்லை.

நாக்கில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் எடுக்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும், ஒன்றிரண்டு தையல் விழும். மரப்பு போனபின் சூடுபட்ட நாக்கு போல இரண்டு மூன்று நாள் எரியும், சாதாரண வலி மாத்திரையே போதும். அன்று முழுக்கச் சூடாகவும் காரமாகவும் வேண்டாம், வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து, எடுத்தெடுத்துப் பார்க்காமல் இருபது நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். அப்படியும் நிற்கவில்லை என்றால் திரும்பப் போக வேண்டும். எடுத்த இடத்தில் சிறிது மரப்பு தங்கிவிடுவது நடக்கக்கூடியதுதான், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம் காத்திருப்பு. எனக்குத் தெரிந்தவரை நோயாளிகளை மிகவும் வதைப்பது இதுதான், ஊசியோ கத்தியோ இல்லை. துண்டு ஃபார்மலினில் ஊற வேண்டும், நீர் நீக்கி மெழுகில் பதிக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு கனத்தில் சீவ வேண்டும், ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்ற வேண்டும். சில நாட்கள் பிடிக்கும், ஒரு வாரம் ஆவது சகஜம். கூடுதல் நாள் ஆனால் கெட்ட செய்தி என்று எண்ண வேண்டாம். இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்பதும், விசேஷச் சாயம் கேட்பதும், பக்கத்து மேசைக்காரரிடம் ‘நீங்களும் ஒரு கண் பாருங்கள்’ என்பதும் அன்றாடம் நடப்பவை.

ரிப்போர்ட்டில் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்று இருந்தால் அது புற்றுநோய். இதில் நாங்கள் தடுமாறுவது குறைவு. ஆனால் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சின்னத் துண்டு சொல்லாது, அதற்கு ஸ்கேனும் கழுத்துப் பரிசோதனையும் வேண்டும். 2018-இல் நடைமுறைக்கு வந்த நிலைப் பகுப்பில், கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தாலும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இறங்கியிருந்தால் முதல் நிலை என்று சொல்ல முடியாது. அந்த ஆழத்தை முழுக் கட்டியும் கைக்கு வந்தபின்தான் சரியாக அளக்க முடியும்.

தடுமாற்றம் ‘டிஸ்பிளேசியா’ என்ற சொல்லில்தான். செல்கள் ஒழுங்கு கெட்டிருக்கின்றன, எல்லையை உடைக்கவில்லை என்று அதற்குப் பொருள். அதாவது இன்னும் புற்றுநோய் இல்லை. லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று பிரிக்கிறோம். ஒரே ஸ்லைடை இரண்டு அனுபவசாலிகளிடம் கொடுத்தால் ஒருவர் லேசானது என்பார், இன்னொருவர் நடுத்தரம் என்பார். இது எங்கள் துறை வெளிப்படையாகவே ஒத்துக்கொள்ளும் பலவீனம். குழப்பத்தைக் குறைக்க, குறைந்த அபாயம், கூடிய அபாயம் என்று இரண்டே பிரிவாக்கும் முறை 2006-இல் முன்வைக்கப்பட்டது. எனக்கு அது பிடிக்கும், எல்லோரும் ஏற்கவில்லை. பொதுவாகக் கடுமை கூடக்கூடப் புற்றுநோயாகும் வாய்ப்பும் கூடும். ஆனால் லேசான மாற்றம் உள்ள ஒருவரைக் காட்டி இவருக்கு மாறும், இவருக்கு மாறாது என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்றைக்கு இல்லை. சிலருக்குத் தானாகவே அடங்குகிறது. திட்டை வெட்டி எடுத்த பிறகும் அபாயம் அடியோடு போய்விடுவதில்லை, அதனால்தான் எடுத்தபின்னும் வருடக்கணக்கில் வரச் சொல்கிறோம். லைக்கன் பிளானஸ் என்று வந்தாலும் அப்படித்தான். அது புற்றுநோயாக மாறுவது நூற்றில் ஒருவர் என்ற அளவில்தான் என்றாலும் அவ்வப்போது காட்டிக்கொள்ள வேண்டும்.

நான் எழுதுவதிலேயே எனக்கு அதிகக் கவலை தரும் ரிப்போர்ட் ‘குறிப்பிட்ட நோய் எதுவும் தெரியவில்லை, அழற்சி மட்டும்’ என்பது. வாங்கிக்கொண்டு போகிறவர் அதை ‘நார்மல்’ என்று படிக்கிறார். அந்தத் துண்டில் இல்லை என்பது மட்டும்தான் நான் சொன்னது. பக்கத்து மில்லிமீட்டரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. டாக்டரின் கண்ணுக்குப் புண் கெட்டதாகவே தெரிகிறது, ரிப்போர்ட் சாதுவாக வந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பிசகியிருக்கிறது, மறுபடி எடுப்பதுதான் வழி. இரண்டாவது முறை கேட்டால் முதலில் எடுத்தவர் சரியில்லை என்று கோபப்படாதீர்கள். இதற்கு நேர் எதிரான வேடிக்கை ஒன்றும் உண்டு. கடிபட்டு வருகிற, ஓரம் தடித்த ஒருவகை நாக்குப் புண் பார்வைக்கு அச்சாகப் புற்றுநோய் போலவே இருக்கும், வாரக்கணக்கில் ஆறாது. ஸ்லைடில் பார்த்தால் தசைவரை இறங்கிய அழற்சிச் செல்கள், நடுநடுவே இயோசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள், அவ்வளவுதான். சதை எடுத்த காயம் ஆறும்போது பல சமயம் அந்தப் புண்ணும் கூடவே ஆறிவிடும்.

ஆகவே தேதி வாங்கப் போகும்போது டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்தச் சிவப்புப் பகுதியிலிருந்தும் ஒரு துண்டு எடுப்பீர்களா, வாய் நோய்களைப் பார்த்துப் பழகியவர் ஸ்லைடைப் படிப்பாரா. ரிப்போர்ட் வந்ததும் அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் மறுபடி சதை எடுக்கத் தேவையில்லை. மெழுகுக் கட்டியும் ஸ்லைடும் லேபில் பத்திரமாக இருக்கும், எழுதிக் கேட்டால் இரண்டாவது கருத்துக்குக் கொடுப்பார்கள். இதற்கிடையில் திட்டு தானாகவே முழுக்க மறைந்துவிட்டால் அதையும் போய்க் காட்டிவிட்டு, எடுக்க வேண்டுமா என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். பெரிதானால், கெட்டியானால், நாக்கை அசைக்கச் சிரமமானால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், கொடுத்த தேதிவரை காத்திருக்காமல் முன்னதாகவே போங்கள்.